கணக்கில் ஓர் ஆள்

ஒரு மொனார்க் வண்ணத்துப்பூச்சி அரைக் கிராம் இருக்கும். கனடாவின் நயாகராவில், அருவிக்குச் சற்று வடக்கே, 1996 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடி இல்லம் ஒன்றில் ஏறக்குறைய 45 வகைகளைச் சேர்ந்த 2,000 வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. சிறிசும் பெரிசுமாக எல்லாவற்றையும் பிடித்துத் தராசில் இட்டால் ஒரு கிலோ அரிசிப் பையின் கனம் வந்தால் அதிகம். மேலே இருக்கும் கூரையோ வேறு கதை. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. இப்படிப்பட்ட இல்லங்களின் தலைக்கு மேல் போடும் இரட்டைக் கண்ணாடியில் எல்லா அடுக்கும் சேர்ந்து 16 மில்லிமீட்டர் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 40 கிலோ. கூரையில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம்கூட அடியில் பறக்கிற எல்லா உயிர்களையும்விடப் பல மடங்கு கனமானது.

கட்டமைப்புப் பொறியாளர் முதலில் எழுதுவது சுமைப் பட்டியல். கண்ணாடியின் எடை, சட்டங்களின் எடை, பனி, காற்று, நில அதிர்வு, கூரைமேல் ஏறித் துடைக்கப்போகும் ஆள், அவர் கையிலிருக்கும் வாளி. நூலகம் கட்டுகிறவர் அந்தப் பட்டியலில் புத்தகங்களைச் சேர்ப்பார். பாலம் கட்டுகிறவர் லாரிகளைச் சேர்ப்பார். வண்ணத்துப்பூச்சி இல்லத்தின் பட்டியலில் வண்ணத்துப்பூச்சி வருவதே இல்லை. சேர்த்தாலும் எந்த உத்திரத்தின் அளவும் ஒரு மயிரிழை மாறாது. எதற்காகக் கட்டினார்களோ அதற்குக் கனமில்லை. அப்படியென்றால் இத்தனை எஃகும் எதைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது? கண்ணாடியை, என்று சொல்லிவிடலாம். கண்ணாடி எதைத் தாங்குகிறது?

ஒரு வித்தியாசத்தை. உள்ளே 27 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. வெளியே ஜனவரி இரவில் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி. நடுவில் சில சென்டிமீட்டர் மட்டுமே. வெப்பமும் நீராவியும் காற்றும் இரு பக்கமும் ஒன்றாகிவிடவே பார்க்கும். அதுதான் அவற்றின் சுபாவம். கண்ணாடி வீடுகளில் வரும் கோளாறு எதை எடுத்தாலும் சரி, சொட்டு, துரு, விரிசல், கசிவு, அதன் வேரைத் தேடிக்கொண்டு போனால் சமமாகிவிடத் துடிக்கும் அந்த இரண்டு பக்கங்களில்தான் போய் நிற்கும். எடையைத் தாங்குவது எளிது. தூண் ஒன்றை நட்டுவிட்டால் அது தூங்காமல் நூறு வருஷம் நிற்கும். வித்தியாசத்தைத் தாங்கத் தூண் மட்டும் போதாது.

முதலில் கண்ணாடியின் குணத்தைச் சொல்லவேண்டும். அது பலமில்லாத பொருள் என்று பொதுவாக நினைக்கிறோம். அமுக்கிப் பார்த்தால் கான்கிரீட்டை எளிதாக மிஞ்சும், இழுத்தால்தான் தோற்கும். ஏன் என்பதை 1921-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் ஏ. ஏ. கிரிஃபித் விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள்தாம் கண்ணாடியின் பலத்தைத் தின்கின்றன. கீறலுக்கு இடமில்லாத மெல்லிய இழையாக இழுத்தால் அதே கண்ணாடியின் வலு பல மடங்கு ஏறுகிறது. எஃகு உடைவதற்கு முன் வளையும், தொய்யும், பூச்சு உரியும், பார்க்கத் தெரிந்தவருக்குச் சேதி சொல்லும். கண்ணாடிக்கு அந்தப் பழக்கமில்லை. அதன் முதல் எச்சரிக்கையும் கடைசிச் செய்தியும் ஒரே சத்தம்தான்.

எனவே கண்ணாடியைச் சட்டத்தில் இறுக்கக்கூடாது. பத்து மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி வெப்பம் ஏறி இறங்கினால் அலுமினியம் 9 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும், எஃகு ஏறக்குறைய 5, கண்ணாடி மூன்றரை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மூன்று பொருள்கள் மூன்று விதமாக மூச்சு விடுகின்றன. ஆகவே ஒவ்வொரு கண்ணாடியும் அடியில் இரண்டு ரப்பர்க் கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும். ஓரங்களில் ரப்பர்ப் பட்டை, சுற்றிலும் சில மில்லிமீட்டர் வெற்றிடம். கீழே நின்று பார்க்கிறவருக்கு எல்லாம் கெட்டியாகப் பிணைத்த ஒரே உடம்பு போலத் தெரியும். உண்மையில் கண்ணாடி உலோகத்தை எங்கும் தொடவில்லை. தளத்தில் வேலை செய்யும் கைக்கு இந்த இடைவெளி பிடிக்காது. இறுக்கினால்தான் கைக்குத் திருப்தி. நல்ல மேற்பார்வையாளரின் பாதி வேலை, இறுக்கும் கையைத் தடுப்பது.

இதில் ஒரு சுவையான வழக்கு உண்டு. வெப்பத்தில் பதப்படுத்திய டஃப்பன்ட் கண்ணாடிக்கு உள்ளே நிக்கல் சல்ஃபைடு துணுக்கு ஏதாவது மாட்டியிருந்தால், பொருத்திச் சில வருஷம் கழித்து யாரும் தொடாமலே சிதறக்கூடும். ஆகவே ஆள் நடமாடும் இடத்தில் தலைக்கு மேல் போடும் கண்ணாடியின் கீழ் அடுக்கை லேமினேட் செய்கிறார்கள்: இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் தூள் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு மேலேயே தொங்கும். உடையாது என்று நம்பிக் கட்டுவதில்லை, உடைந்தபின் என்ன ஆகும் என்பதை முன்னமே முடிவு செய்துவிட்டுக் கட்டுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் படலம் புறஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். வண்ணத்துப்பூச்சிகள் புறஊதாவைப் பார்ப்பவை. இணையின் சிறகிலும் பூவின் நடுவிலும் நமக்குத் தெரியாத கோலங்கள் அவற்றுக்குத் தெரிகின்றன. நம் மண்டையைக் காக்கும் படலம் அவற்றின் பார்வையில் ஒரு நிறத்தை அணைத்துவிடுகிறது. புறஊதாவை உள்ளே விடும் அக்ரிலிக் தகடுகள் இருக்கின்றன. கீறல் விழும், நெருப்புக்கு ஆகாது. கடைசியில் மனிதத் தலைதான் ஜெயிக்கும். ஜெயிக்கவும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே போய் வாய்பிளந்து பார்க்கும் நாம், அவை நம்மளவுக்குக்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். கண்ணாடி வீட்டின் நிஜமான எதிரி வெளியே பெய்யும் மழை என்று நினைப்போம்; உள்ளே பெய்யும் மழைதான். 27 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரமும் உள்ள காற்று, 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராகிவிடும். முன்பு சொன்ன ஜனவரி இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் உறைநிலைக்கே வந்துவிடும். சாதாரண இரட்டைக் கண்ணாடி போட்டால் 13 டிகிரி வாக்கில் நிற்கும். இரட்டைக் கண்ணாடியில் இருப்பதிலேயே நல்லதைப் பொருத்தினாலும் 21 டிகிரியைத் தாண்டுவது கடினம். அதாவது இரட்டைக் கண்ணாடிக்கு எவ்வளவு செலவழித்தாலும் சொட்டும். பொறியியலில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்: தடுக்கமுடியாது என்று தெளிவாகத் தெரிந்தபின் வேலை வேறு மாதிரி தொடங்குகிறது. சொட்டைத் தடுப்பதை விட்டுவிட்டு, அதற்கு வழி வெட்டிக் கொடுக்கிறார்கள். சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய வாய்க்கால். கண்ணாடியின் உள்முகத்தில் வழியும் நீர் அதில் இறங்கி, குறுக்குச் சட்டத்திலிருந்து நெடுஞ்சட்டத்துக்குப் போய், அங்கிருந்து தரைக்கு வரும்.

இந்த வாய்க்காலைச் செய்து பெயர் வாங்கியவர் பொறியாளர் அல்லர், தோட்டக்காரர். இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் 1826-இல், 22 வயதில், தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்த ஜோசப் பாக்ஸ்டன். 1851-இல் லண்டன் ஹைடு பார்க்கில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ் கூரைக்கு அவர் தந்த மரச்சட்டத்தில் மூன்று பள்ளங்கள் உண்டு. மேற்புறப் பெரிய பள்ளம் மழைநீருக்கு, பக்கத்துச் சிறு பள்ளங்கள் உள்ளே வியர்க்கும் நீருக்கு. ஒரே கட்டை கூரையையும் தாங்கியது, இரண்டு பக்கத்து மழையையும் வாங்கியது. செடிகளோடு ஈரத்தில் வருஷக்கணக்கில் நின்றவருக்குத்தான் உள்மழை என்ற யோசனையே வந்திருக்கமுடியும் என்பது என் கட்சி.

வாய்க்காலை மீறிய ஈரம் இரும்பைத் தேடிப்போகும். ஹப்ஸ்பர்க் அரண்மனைத் தோட்டத்துக்காக ஃபிரீட்ரிக் ஓமான் வடிவமைத்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் கட்டிய பாமென்ஹவுஸின் ஒரு பகுதியில் இன்று வண்ணத்துப்பூச்சி இல்லம் இருக்கிறது. பாதுகாப்பில்லை என்று 1988-இல் அந்தக் கட்டடத்தையே மூடவேண்டி வந்தது. பழுது பார்த்துத் திறக்கப் பத்து வருஷம் ஆனது. லண்டன் கியூ தோட்டத்தின் பனைமர இல்லம் 1848-இல் முடிந்தது. 1984 முதல் 1988 வரை அதைக் காலி செய்துவிட்டு, கண்ணாடியைப் பிடித்திருந்த இரும்புச் சட்டங்களைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகுச் சட்டங்களைப் போட்டு, 16,000 கண்ணாடிகளைப் புதிதாகப் பொருத்தினார்கள். நாம் பார்த்து வியப்பது விக்டோரியா காலத்துக் கட்டடத்தை. அதன் கண்ணாடிக்குச் சுமார் நாற்பது வயதுதான்.

வெயில் நாடுகளில் வித்தியாசம் திசை மாறும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஹூஸ்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் 1994-இல் திறந்த காக்ரெல் வண்ணத்துப்பூச்சி மையம் மூன்று மாடி உயரக் கண்ணாடிக் கூம்பு. உள்ளே 50 அடி அருவி. டெக்ஸாஸ் கோடையில் அங்கே கவலை குளிர் அல்ல, கண்ணாடிக்குள் சேர்ந்துவிடும் சூடு. காற்றுக்குத் திறப்பு வைத்தால் வலை போடவேண்டும். வலை போட்டால் காற்று தயங்கும். அதை விவரித்துக்கொண்டு போனால் கட்டுரை நீளும். பனிக்கே திரும்புகிறேன், ஏனென்றால் சொல்லவந்த விஷயம் பனிக்கடியில் இருக்கிறது.

நயாகரா நதியின் இக்கரை கனடா, அக்கரை அமெரிக்கா. அக்கரையில் கட்டடச் சுமைகளைக் கணக்கிட அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் ஏஎஸ்சிஇ 7 என்ற விதிநூலைப் பயன்படுத்துகிறார்கள். அதன் பனிச்சுமை அத்தியாயத்தில் சிறிய அட்டவணை ஒன்று. கூரையில் எவ்வளவு பனி தங்கும் என்பதைக் கட்டடத்தின் உள்வெப்பத்தை வைத்துத் திருத்தும் எண்கள் அதில் இருக்கின்றன. சாதாரணமாகச் சூடேற்றிய வீட்டுக்கு முந்தைய பதிப்புகளில் 1. சூடில்லாத கொட்டகைக்கு 1.2, அங்கே பனி உருகாமல் குவியும். தொடர்ந்து சூடேற்றும், கூரை மெலிந்த கண்ணாடி வளர்ப்பகத்துக்கு 0.85. அதாவது பனிச்சுமையில் நூற்றுக்குப் பதினைந்தைக் கழித்துக்கொள்ளலாம். உள்ளேயிருந்து கசியும் சூடு கூரைப் பனியைக் கரைத்துவிடும் என்பது அதன் நியாயம். வீணாகிறது என்று நாம் வருந்தும் வெப்பம், வெளியேறும் வழியில் ஒரு சுமையை இறக்கிவிட்டுப் போகிறது. நல்ல கண்ணாடி போட்டு எரிவாயுவை மிச்சம் பிடித்தால் பனி கரையாது. அந்தக் கழிவும் கிடைக்காது. உத்திரம் தடிக்கவேண்டும்.

இந்த 0.85-க்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு. குளிர்காலம் முழுக்க, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் எந்த இடத்திலும் வெப்பம் 10 டிகிரிக்குக் குறையக்கூடாது. அதோடு எந்நேரமும் பணியில் இருக்கும் பராமரிப்பு ஆள் ஒருவர் வேண்டும். அவர் இல்லையென்றால், சூடேற்றும் கருவி நின்றுபோனால் கத்திச் சொல்லும் எச்சரிக்கைமணி வேண்டும். இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் அந்தப் பதினைந்து விழுக்காட்டுச் சலுகை.

முதல்முறை படித்தபோது இதில் அதிசயமாக எதுவும் தோன்றவில்லை. விதிநூல்களில் இப்படி ஆயிரம் நிபந்தனை இருக்கும். பிறகுதான் உறைத்தது. எஃகின் வலு, கண்ணாடியின் தடிமன், போல்ட்டின் விட்டம் என்று எண்களாலேயே ஆன ஒரு நூல், இந்த ஓரிடத்தில் விழித்திருக்கும் மனிதர் ஒருவரைச் சுமைக்கணக்கில் சேர்க்கிறது. அந்த ஆள் கூரையின் ஓர் உறுப்பு. அவர் தூங்கிப்போனால், கணக்கின்படி ஓர் உத்திரம் மெலிகிறது. மணி இருந்தால் ஆள் வேண்டாமே என்று கேட்கலாம். மணி அடித்தால் எழுந்து ஓட யாராவது இருக்கவேண்டும். மணி ஆளை ஒழிக்கவில்லை, தள்ளிப் படுக்க அனுமதிக்கிறது.

முன்பு சொன்ன வித்தியாசத்துக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டார். ஆயிரம் சதுர மீட்டர் சாதாரண இரட்டைக் கண்ணாடி வழியாக அந்த ஜனவரி இரவில் சுமார் 100 கிலோவாட் வெப்பம் வெளியேறும். இரண்டு கிலோவாட் கீசர்கள் ஐம்பதை விடிய விடிய ஓட விடுவதற்குச் சமம். நாம் வீடு, கோயில், குடும்பம், மொழி என்று எதையெல்லாம் நிற்கிறது என்கிறோமோ, அவற்றில் பல தூண்போல நிற்பவை அல்ல. சுற்றியுள்ள குளிருக்கு எதிராக யாரோ ஒருவர் ராத்திரி தோறும் அடுப்பில் கொள்ளி தள்ளுவதால் நின்றுகொண்டிருப்பவை. நிற்பது என்பது நாம் பார்க்கும் பக்கம். நிறுத்துவது என்ற பக்கம் கொதிகலன் அறையில் இருக்கிறது. நிறுத்தியது ஒருமுறை நடந்து முடிந்த செயல் என்று எண்ணிக் கட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். அடிக்குறிப்பு அப்படி எண்ணவில்லை. அதன் கணக்கில் நேற்றிரவு விழித்தது நேற்றோடு செல்லாது. இன்றிரவுக்கு மறுபடி ஓர் ஆள் வேண்டும்.

மறுபடி ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கிறது. பாக்ஸ்டன் 1836-இல் தொடங்கி அங்கே கட்டிய பெருங்கண்ணாடி இல்லம் 277 அடி நீளம், 123 அடி அகலம், 67 அடி உயரம். தரைக்கடியில் எட்டுக் கொதிகலன்கள், ஏழு மைல் நீளக் குழாய்கள். நிலக்கரி சுரங்கப்பாதை வழியே வரும், புகை எட்டத்தில் போய் வெளியேறும், விருந்தினர் கண்ணில் எதுவும் படாது. பிறகு முதல் உலகப்போர் வந்தது. கரிக்குத் தட்டுப்பாடு, தோட்டக்காரர்களில் பலர் போர்முனையில். எரிக்க ஆளும் பொருளும் இல்லாமல் வெப்பமண்டலச் செடிகள் பட்டுப்போயின. கட்டடத்துக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. 1920-இல் அதை வெடிவைத்துத் தகர்க்க முடிவெடுத்தார்கள். வேலையை மேற்கொண்டவர் பாக்ஸ்டனின் சொந்தப் பேரன். முதல் வெடிக்கு அது விழவில்லை. திரும்பத் திரும்ப வைக்கவேண்டியிருந்தது. சுமை தாங்கும் கணக்கில் பாட்டனார் அவ்வளவு சரியாக இருந்திருக்கிறார். உள்ளே இருந்த உயிரெல்லாம் போனபின்னும் எதையும் தாங்காமல் நின்றுகொண்டே இருந்திருக்கிறது அந்தக் கூடு.

வண்ணத்துப்பூச்சி இல்லத்தில் இந்தத் தினசரிக் கடன் இன்னொரு வகையிலும் வசூலாகிறது. சிறகு முளைத்தபின் பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு வாரம்தான் வாழும். இந்த மாதம் நீங்கள் பார்த்த கூட்டத்தில் ஒன்றிரண்டு தவிர எதுவும் அடுத்த பருவத்தில் இருக்காது. கோஸ்டாரிகா, பிலிப்பைன்ஸ், மலேசியா போன்ற நாடுகளின் பண்ணைகளிலிருந்து கூட்டுப்புழுக்கள் பஞ்சுக்குள் அடுக்கிய பெட்டிகளில் விமானமேறி வந்துகொண்டே இருக்கும். டொராண்டோவிலிருக்கும் தமிழர்கள் ஊரிலிருந்து வரும் பெற்றோரை நயாகராவுக்குக் கூட்டிப்போனால், அங்கே பறப்பவற்றில் பலவும் அப்படிப் பெட்டியில் வந்தவைதாம். வெளியேறும் வழியில் இரட்டைக் கதவு, நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி. தோளிலோ பையிலோ ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அமெரிக்காவில் வேளாண் துறை இன்னும் கண்டிப்பு: அயல்நாட்டு வகைகள் அங்கே இனம் பெருக்கக்கூடாது என்பதால், அவை முட்டையிடும் செடிகளைக் காட்சிக்கூடத்தில் வைப்பதில்லை. தேன் உள்ள பூக்கள் மட்டுமே. பறப்பதற்கு இடமிருக்கும், இலை தின்னும் பருவத்துக்கு இடமிருக்காது. அத்தனை எஃகும் சேர்ந்து காப்பாற்றுவது ஒரு வாழ்க்கையின் கடைசிக் காலாண்டை மட்டும்தான்.

மிச்ச முக்காலையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கண்ணாடியைவிடப் பழைய வழி ஒன்று உண்டு. திருச்சியில் ஸ்ரீரங்கத்துக்கு அருகே மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வனத்துறை 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவின் பெரும்பகுதி திறந்தவெளி. உள்ளே இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் காற்றும் ஒன்றே என்பதால் தாங்குவதற்கு வித்தியாசம் இல்லை; கூரைக்கும் அவசியமில்லை. ஆள் மட்டும் அங்கேயும் வேண்டும். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிட எருக்கு, அழகி வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும், ரோஜா அழகிக்கு ஆடுதின்னாப்பாளை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நட்டு, கோடையில் தண்ணீர் காட்டி, புழு தின்று மொட்டையாக்கியதும் மறுபடி நடவேண்டும். பூச்சிமருந்துக் குப்பியைப் பக்கத்தில் கொண்டுவரக்கூடாது. தோட்டம் என்றால் தளதளவென்று இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அந்தச் செடிகளைப் பார்த்தால், யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். எருக்கஞ்செடியில் ஓட்டையில்லாத இலைகளாகவே இருந்தால்தான் அங்கே வேலை செய்பவர் கவலைப்படுவார்.